கூத்து முடிந்த மறுநாள்

மணப்பாறை என்றதும் இரண்டு நினைவுக்கு வரும். ஒன்று முறுக்கு. மற்றொன்று மாடு.

முறுக்குக்கு 2023-ம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. மாட்டின் புகழ் அதைவிடப் பழையது. 1957-ல் வெளிவந்த "மக்களைப் பெற்ற மகராசி" படத்தின் பாட்டு ஒன்று, மணப்பாறை மாட்டின் பெயரைப் பட்டிதொட்டி எல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது. இங்கே வாரந்தோறும் கூடும் மாட்டுச் சந்தைக்கு வெளி மாவட்டத்து வியாபாரிகளும் வருகிறார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவே இப்போது மூன்றாவதாக ஒன்று நுழைந்துவிட்டது. அதுதான் பிளாஸ்டிக் பை.

முறுக்கு பிளாஸ்டிக் பையில் ஏறிப் பஸ்ஸிலும் ரயிலிலும் ஊர் ஊராகப் போகிறது. தின்று முடித்ததும் பை தெருவுக்கு வருகிறது. தெருவில் கிடக்கும் பையை மாடு தின்கிறது.

இது மணப்பாறைக்கு மட்டும் உள்ள கதை அல்ல. எல்லா ஊரிலும் இதுதான் நடக்கிறது. ஆனால் முறுக்குக்கும் மாட்டுக்கும் பெயர் போன ஊரில் இதை நினைக்கும்போது மனம் கொஞ்சம் அதிகமாகவே உறுத்துகிறது.

இதை மக்களுக்கு எப்படிச் சொல்வது? சட்டம் போடலாம். அபராதம் விதிக்கலாம். சுவரில் எழுதலாம். இவை எல்லாமே நடந்திருக்கின்றன. இன்னொரு வழியும் உண்டு. வழியில் போகிறவரை நிறுத்தி, ஆடியும் பாடியும் நடித்தும் சொல்வது.

அந்த வழி பலன் தருகிறதா? எப்போது தருகிறது? எப்போது தருவதில்லை?

நிற்க வைக்கும் கலை

தெருவில் ஆளை நிறுத்திச் சொல்வது தமிழர்களுக்குப் புதிது அல்ல. ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் தண்டோரா இருந்தது. பறையை அடித்தால் ஜனங்கள் வாசலுக்கு வருவார்கள். வரி கட்ட வேண்டிய நாள், ஏரி மடை திறக்கும் நாள் எல்லாம் அதிலேதான் தெரியும். குறிப்பிட்ட சாதியாரையே அந்த வேலைக்கு ஏவியதால், அது அவர்களுக்கு இழுக்காக இருந்தது. 2022 ஆகஸ்டில், அப்போது தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, தண்டோராவை நிறுத்திவிடும்படி கலெக்டர்களுக்கு எழுதினார்.

தண்டோரா செய்தி சொல்லும். அதோடு அதன் வேலை முடிந்துவிடும். தெருக்கூத்து அப்படி இல்லை. அது கதை சொல்லும். கட்டியங்காரன் கூட்டத்தைப் பார்த்தே கேள்வி கேட்பான். பகல் வேஷக்காரர் வீட்டு வாசலுக்கே வருவார். பார்ப்பவரும் ஆட்டத்தில் ஒரு பங்கு ஆகிவிடுவார்.

இன்றைய வீதி நாடகம் இதிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டிருக்கிறது. மேடை கிடையாது. திரை கிடையாது. டிக்கெட் கிடையாது. பஸ் நிலையம், சந்தை, பள்ளிக்கூட வாசல், எங்கே நாலு பேர் நிற்கிறார்களோ அங்கே நாடகம். சென்னையில் பிரளயன் நடத்தும் "சென்னைக் கலைக்குழு" 1984 முதல் இந்தப் பாதையில் நடக்கிறது.

இதில் ஒரு பெரிய வசதி உண்டு. படிக்கத் தெரியாதவருக்கும் இது புரியும். இன்னொரு வசதியும் உண்டு. கூட்டத்துக்கு வா என்று யாரையும் அழைக்க வேண்டியதில்லை. கூட்டம் இருக்கும் இடத்துக்கு நாடகமே போகிறது.

52 கிலோ

2019 அக்டோபரில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஒரு பசு வந்தது. திருமுல்லைவாயில் பகுதியைச் சேர்ந்த பசு. வலி தாங்காமல் வயிற்றைத் தன் காலாலேயே உதைத்துக்கொண்டது. டாக்டர்கள் ஆபரேஷன் செய்தார்கள். சுமார் ஐந்தரை மணி நேரம் ஆயிற்று. வயிற்றிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் எவ்வளவு தெரியுமா? 52 கிலோ!

இரண்டு சிமெண்டு மூட்டைகளில் ஒன்றைவிடச் சற்று அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சிமெண்டு மூட்டையின் எடை 50 கிலோ.

மாடு ஏன் பிளாஸ்டிக்கைத் தின்கிறது? அதற்குப் பைத்தியமா? இல்லை. மிச்சச் சோற்றையும் காய்கறித் தோலையும் பையில் போட்டு, முடிச்சுப் போட்டு எறிகிறவர்கள் மனிதர்கள். மாட்டுக்கு முடிச்சை அவிழ்க்கத் தெரியாது. அது பையோடு விழுங்குகிறது.

மாடு முதலில் மெல்லாமல் விழுங்கும். பிறகு சாவகாசமாக அசை போடும். வைக்கோலும் புல்லும் அதன் வயிற்றில் ஊறிக் கரையும். பிளாஸ்டிக் கரையாது. சாணத்தோடு வெளியேயும் போகாது. ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு பந்தாகத் தங்கிவிடும். வயிறு நிறைந்தது போல் இருக்கும். பசி எடுக்காது. பால் குறையும். உடம்பு வற்றும்.

மாட்டுக்காரர் தீவனத்தை மாற்றிப் பார்ப்பார். நாட்டு மருந்து கொடுத்துப் பார்ப்பார். வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்து வாங்கிய மாடு, ஐம்பது காசு பையால் போய்விடும்.

இந்த விவரத்தை ஒரு துண்டுப் பிரசுரத்தில் அச்சடித்துக் கொடுத்தால் எத்தனை பேர் படிப்பார்கள்? ஆனால் சந்தை நடுவே 52 கிலோ பிளாஸ்டிக்கைக் குவித்து, "இது ஒரு மாட்டு வயிற்றில் இருந்த அளவு" என்று ஒருவர் சொன்னால் நிற்காதவர் உண்டா? தெருவில் நடக்கும் கலையின் பலம் இதுதான். எண்ணைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து வைக்கிறது.

எமன் வந்தான், போனான்

தமிழ்நாட்டில் 2018 ஜூனில் பிளாஸ்டிக் தடை அறிவிப்பு வந்தது. 2019 ஜனவரி 1 முதல் தடை அமலுக்கு வந்தது. ஒரு முறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பொருள்கள் அதில் அடங்கும். கைப்பை, தட்டு, கப், உறிஞ்சுகுழல், தண்ணீர்ப் பாக்கெட் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. 2022 ஜூலை 1 முதல் மத்திய அரசாங்கமும் நாடு முழுவதும் சில பொருள்களுக்குத் தடை போட்டது.

இடையில் 2021 டிசம்பர் 23-ந் தேதி, முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். ஒரு காலத்தில் மஞ்சப்பையோடு வந்தால் பட்டிக்காட்டான் என்று கேலி செய்வார்கள். அந்தப் பைக்கே மரியாதை தேடித் தந்தது இந்த இயக்கம்.

தடையைப் பற்றிச் சொல்ல ஊர் ஊராகக் கலைக்குழுக்கள் போயின. பறை முழங்கும். கரகம் ஆடும். எமன் வேஷம் போட்ட ஒருவர் பாசக்கயிற்றோடு வருவார். பிளாஸ்டிக் பை வைத்திருப்பவர் கழுத்தில் கயிற்றைப் போடுவார். கூட்டம் சிரிக்கும். குழந்தைகள் கை தட்டுவார்கள். அரை மணி நேரத்தில் ஆட்டம் முடியும். பஸ் வரும். எல்லோரும் ஏறிப் போய்விடுவார்கள்.

மறுநாள்?

மறுநாள் அதே பஸ் நிலையத்தில் அதே கடையில் அதே பை தொங்கும். அதில்தான் பழம் கட்டிக் கொடுப்பார்கள். எமனைப் பார்த்துச் சிரித்தவரும் அதைத்தான் வாங்கிப் போவார்.

அவர் கெட்டவரா? இல்லை. பையில்லாமல் வந்துவிட்டார். வேறு பை அங்கே கிடைக்கவில்லை. கிடைத்தாலும் விலை அதிகம். அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கையும் பல இடங்களில் நடக்கிறது. பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்று எழுதிய பேனரே பிளாஸ்டிக்காக இருக்கும். பிளெக்ஸ் பேனர் என்பது பிளாஸ்டிக்தானே! பேச வந்த பிரமுகருக்குப் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் கொடுப்பார்கள். ஜனங்கள் இதைக் கவனிக்காமல் இருப்பார்களா? வேஷத்தைவிட இதுதான் அவர்கள் மனத்தில் நிற்கும்.

ஆக, குறை ஆட்டத்தில் இல்லை. ஆடியவர்கள் தங்கள் வேலையை நன்றாகவே செய்தார்கள். ஆட்டம் முடிந்தபின் என்ன என்பதை யாரும் யோசிக்கவில்லை. அங்கேதான் குறை.

புதுக்கோட்டையில் நடந்தது

அதை யோசித்துச் செய்த ஊர் ஒன்று மணப்பாறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதுதான் புதுக்கோட்டை.

1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டராக இருந்தார். கிராமம் கிராமமாகக் கலைக்குழுக்கள் போயின. எழுத்தறிவைப் பற்றிப் பாட்டும் நாடகமும் நடந்தன. பகல் முழுவதும் கல் உடைத்துவிட்டும் நாற்று நட்டுவிட்டும் வந்த பெண்கள், குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

அந்த நாடகம் வெறும் அழைப்புத்தான். அதற்குப் பின்னால் வேலை காத்திருந்தது. ஊரிலேயே தொண்டர்கள் இருந்தார்கள். பாடப் புத்தகம் இருந்தது. மாலையில் விளக்கைச் சுற்றி வகுப்பு நடந்தது. நாடகம் பார்த்து ஆசைப்பட்டவருக்கு, அந்த ஆசை ஆறுவதற்குள் சிலேட்டு கைக்கு வந்தது.

அதோடு சைக்கிளும் வந்தது. பெண்கள் சைக்கிள் விடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இயக்கம் சொன்னது. சொன்னதோடு நிற்காமல் கற்றும் கொடுத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். ஊரார் முதலில் கேலி செய்தார்கள். பிறகு பழகிப்போனார்கள். 1992-ல் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது.

எழுத்தறிவுக்கும் சுற்றுப்புறத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். விஷயம் வேறு, ஆனால் வழி ஒன்றுதான். அங்கே நாடகம் முதல் படியாக இருந்தது. இங்கே பல இடங்களில் நாடகமே கடைசிப் படியாகிவிடுகிறது.

மஞ்சப்பை இயக்கத்திலும் இந்த வழியில் ஒரு நல்ல காரியம் நடந்தது. 2022-ல் சென்னைக் கோயம்பேடு மார்க்கெட்டில் ஓர் இயந்திரம் வைத்தார்கள். 10 ரூபாய் நாணயம் போட்டால் மஞ்சப்பை வரும். பை கொண்டுவர மறந்தவருக்கு அங்கேயே பை கிடைத்தது. பறை முழங்கும் இடத்தில் இப்படி ஒரு வசதியும் இருந்தால், பார்ப்பவர் சும்மா சிரித்துவிட்டுப் போக மாட்டார்.

குழியில் முதலை

பெங்களூரில் பாதல் நஞ்சுண்டசாமி என்று ஒரு ஓவியர் இருக்கிறார். அவருக்கு மேடை, ரோட்டில் உள்ள குழிதான்.

2015-ல் சுல்தான்பாளையா பகுதியில் ரோட்டின் நடுவே ஒரு பெரிய குழி. தண்ணீர் தேங்கிக் கிடந்தது. நஞ்சுண்டசாமி ஒரு முதலைப் பொம்மையைச் செய்தார். உண்மையான முதலை அளவு! அதைக் கொண்டுவந்து குழியில் போட்டார். சுற்றிலும் பச்சை வர்ணம் பூசினார். வழியில் போனவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். படம் எடுத்தார்கள். பத்திரிகைகளில் படம் வந்தது. பிறகு குழி அடைபட்டது.

2019-ல் சந்திரயான்-2 சந்திரனை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். விண்வெளி உடை அணிந்த ஒருவர் மெல்ல மெல்ல அடி எடுத்து வைக்கும் படம் ஒன்று கைப்பேசிகளில் பரவியது. சந்திரனில் நடக்கிறார் என்றுதான் முதலில் தோன்றும். திடீரென்று பக்கத்தில் ஓர் ஆட்டோ ரிக்ஷா போகும்! அது சந்திரன் இல்லை, பெங்களூர் ரோடு என்று அப்போதுதான் தெரியும். மறுநாளே ரோடு வேலை ஆரம்பமாயிற்று.

நஞ்சுண்டசாமி வழியில் போகிறவரைத் திட்டவில்லை. "நீ ஏன் இப்படி இருக்கிறாய்?" என்று கேட்கவில்லை. அவரையும் தன் பக்கம் சேர்த்துக்கொண்டு, ரோடு போட வேண்டியவரைக் கேட்டார். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கேட்டார்.

சுற்றுப்புறம் பற்றிய பல நாடகங்கள் வழிப்போக்கரையே குற்றவாளி ஆக்குகின்றன. பை வாங்குகிறவர் குற்றவாளி. குப்பை போடுகிறவர் குற்றவாளி. பையைச் செய்கிறவர் எங்கே? அதை மொத்தமாக விற்கிறவர் எங்கே? தடை இருந்தும் பை எப்படிக் கடைக்கு வருகிறது? இந்தக் கேள்விகள் நாடகத்தில் வருவதில்லை. ஏழை எளியவரைப் பார்த்து மட்டும் எமன் கயிறு வீசினால், அவர்களுக்கு மனத்தாங்கல்தான் உண்டாகும்.

ஏழாயிரம் கல்

வெளிநாடுகளிலும் இந்தக் கலை பல உருவங்களில் நடக்கிறது.

2015 டிசம்பரில் பாரிஸ் நகரில் உலக நாடுகள் கூடி, பூமி சூடாவதைப் பற்றிப் பேசின. அப்போது ஓலாஃபர் எலியாசன் என்ற கலைஞர், கிரீன்லாந்துக் கடலில் மிதந்த பனிப்பாறைகளில் 12 துண்டுகளைக் கொண்டுவந்து, பாரிஸ் வீதியில் கடிகாரத்து எண்களைப் போல் வட்டமாக வைத்தார். வழியில் போனவர்கள் தொட்டுப் பார்த்தார்கள். காதை வைத்துக் கேட்டார்கள். பனிப்பாறை அவர்கள் கண் எதிரே கரைந்துகொண்டே இருந்தது.

2016-ல் அமெரிக்காவில் ராப் கிரீன்ஃபீல்டு என்பவர் ஒரு விரதம் எடுத்துக்கொண்டார். 30 நாள் எல்லோரையும் போல் சாப்பிடுவது, வாங்குவது. ஆனால் மிஞ்சும் குப்பையை எறியாமல் உடம்பிலேயே சுமப்பது! உள்ளே இருப்பது தெரியும்படி பைகள் வைத்துத் தைத்த உடையைப் போட்டுக்கொண்டு நியூயார்க் வீதிகளில் நடந்தார். நாளுக்கு நாள் உடம்பு பருத்தது. மாதக் கடைசியில் நடப்பதே பாடாயிற்று. பார்த்தவர்கள் தங்கள் வீட்டுக் குப்பையை நினைத்துக்கொண்டார்கள்.

இவை இரண்டும் கண்ணைத் திறந்தன. ஆனால் பார்த்தவர் மறுநாள் என்ன செய்வது என்பதை அவரவரிடமே விட்டுவிட்டன. ஜெர்மனியில் அதற்கும் வழி கண்டுபிடித்தவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் யோசெஃப் பாய்ஸ்.

1982-ல் காசல் நகரில், ஒரு பெரிய மியூசியத்தின் முன்னால் 7 ஆயிரம் கருங்கற்களைக் கொட்டவைத்தார். கல் மலை போல் குவிந்தது. ஊர் மக்களுக்குக் கோபம் வந்தது. "அழகான இடத்தைக் கெடுத்துவிட்டாரே! இதை எப்போது எடுப்பது?" என்று கேட்டார்கள்.

பாய்ஸ் ஒரு நிபந்தனை வைத்தார். ஊரில் ஒரு மரக்கன்று நட்டால், இங்கிருந்து ஒரு கல்லை எடுத்து அதன் பக்கத்தில் ஊன்றலாம். ஒரு மரத்துக்கு ஒரு கல். 7 ஆயிரம் மரம் நட்டால்தான் குவியல் தீரும்!

மக்கள் மரம் நட ஆரம்பித்தார்கள். மரம் கூடக் கூடக் கல் குறைந்தது. எவ்வளவு வேலை நடந்தது, எவ்வளவு பாக்கி என்பதை வழியில் போகிற யாரும் குவியலைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஐந்து ஆண்டு ஆயிற்று. 1986-ல் பாய்ஸ் இறந்துபோனார். வேலை நிற்கவில்லை. 1987-ல் கடைசி மரத்தை நட்டார்கள். அந்த மரங்களுக்கு அடியில் கற்கள் இன்றும் நிற்கின்றன.

இதில் நடிப்பு இல்லை. பாட்டு இல்லை. ஊரே நடித்த நாடகம் இது. மறுநாள் செய்ய வேண்டிய வேலை இதில் நாடகத்துக்குள்ளேயே இருந்தது.

பாட்டும் பகையும்

பையைப் பற்றி ஆடினால் யாருக்கும் கோபம் வராது. ஆலையைப் பற்றியோ அணையைப் பற்றியோ ஆடினால் கோபம் வரும்.

கேரளத்தில் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே மின்சார அணை கட்டத் திட்டம் போட்டார்கள். காடு மூழ்கிவிடும் என்று எதிர்ப்பு எழுந்தது. முன்னால் நின்ற அமைப்புகளில் ஒன்று, 1962-ல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத். இதே அமைப்பு 1980 முதல் கலைக்குழுக்களை ஊர் ஊராக நடத்தியது. விஞ்ஞானத்தைப் பாட்டாகவும் நாடகமாகவும் தெருவுக்குக் கொண்டுவந்தது. அணைத் திட்டம் 1983-ல் கைவிடப்பட்டது. மறு ஆண்டு அந்த இடம் தேசியப் பூங்கா ஆயிற்று. நாடகம் மட்டுமா அதைச் செய்தது? இல்லை. விஞ்ஞானிகள், ஆசிரியர்கள், கவிஞர்கள் எல்லோரும் சேர்ந்து செய்தார்கள்.

தமிழ்நாட்டில் 2017 ஜனவரியில் ஒரு பாட்டு வெளிவந்தது. கர்நாடக சங்கீத வித்துவான் டி.எம்.கிருஷ்ணா, எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பாடிய "சென்னைப் புறம்போக்குப் பாடல்" அது. எழுதியவர் கபேர் வாசுகி. சபாவில் கேட்ட சங்கீதம் சாம்பல் படிந்த கழிமுகத்துக்குப் போயிற்று. புறம்போக்கு என்றால் வசைச்சொல்லாக ஆகிவிட்டது. உண்மையில் அது ஊருக்கெல்லாம் பொதுவான இடம். குளம், ஓடை, மேய்ச்சல் நிலம் எல்லாம் புறம்போக்குத்தான். மாடு வளர்க்கும் மணப்பாறைப் பக்கத்து ஜனங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மேய்ச்சல் நிலம் குறைந்தால் மாடு குப்பைமேட்டுக்குத்தான் போகும்.

தெரு நாடகத்துக்குச் சில சமயம் பெரிய விலை கொடுக்க வேண்டியும் வரும். 1989 ஜனவரி 1-ந் தேதி, டெல்லிக்கு அருகே சாஹிபாபாத்தில் தொழிலாளர்களுக்காக நாடகம் போட்டுக்கொண்டிருந்த சப்தர் ஹஷ்மியை ஒரு கும்பல் தாக்கியது. மறுநாள் அவர் இறந்தார். ஜனவரி 4-ந் தேதி அவர் மனைவியும் தோழர்களும் அதே இடத்துக்குப் போய், பாதியில் நின்ற நாடகத்தை நடித்து முடித்தார்கள். அவர் பிறந்த ஏப்ரல் 12-ந் தேதியைத் தேசிய வீதி நாடக தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

இன்று சுற்றுப்புற நாடகங்களில் பெரும்பாலானவற்றுக்கு அரசாங்கமோ கம்பெனிகளோ பணம் கொடுக்கின்றன. அதில் தவறு இல்லை. கலைஞருக்கும் வயிறு உண்டு. ஆனால் பணம் கொடுப்பவர் பெயர் நாடகத்தில் வராது என்பதையும் பார்ப்பவர் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

மணப்பாறைக்கு ஒரு கூத்து

மணப்பாறையில் தெருக் கலைஞர் ஒருவர் என்ன ஆடலாம்?

முதலில் முறுக்கு. பிளாஸ்டிக்கை விடு என்று முறுக்கு வியாபாரியிடம் சொல்வது சுலபம். அவர் திருப்பிக் கேட்பார்: "காகிதப் பையில் போட்டால் முறுக்கு நமுத்துப்போகுமே. நமுத்த முறுக்கை நீங்கள் வாங்குவீர்களா?" நியாயமான கேள்வி. காற்றுப் புகாத, மண்ணுக்குக் கெடுதல் செய்யாத, விலை குறைந்த பை வேண்டும். அதைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டியது அரசாங்கமும் கல்லூரிகளும். அதுவரை, வீட்டுக்கு வாங்குகிறவர்கள் டப்பா கொண்டுவரலாம். உள்ளூர் வாடிக்கையாளருக்கு இது முடியும். ரயிலில் வருகிறவருக்கு முடியாது. நாடகம் இதை உள்ளபடி சொல்ல வேண்டும்.

இரண்டாவது மாடு. சந்தை நாளில், மாட்டுக்காரர்கள் கூடும் இடத்திலேயே அந்த 52 கிலோவைக் குவித்துக் காட்டலாம். துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுகிறவர்கள் ஒரு நிமிஷம் நிற்பார்கள். அப்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று சொன்னால் போதும்: மிச்சச் சோற்றைப் பையில் கட்டி எறியாதீர்கள். இதற்குக் காசு வேண்டாம். இயந்திரம் வேண்டாம். இன்று இரவே ஆரம்பிக்கலாம்.

மூன்றாவது வேதனையானது. 2019 அக்டோபர் 25-ந் தேதி, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் மூடாமல் விட்ட ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்துவிட்டது. 80 மணி நேரத்துக்கு மேல் போராடினார்கள். கடினமான பாறை இயந்திரங்களையே திணறவைத்தது. தமிழ்நாடே தீபாவளியை மறந்து டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருந்தது. 29-ந் தேதி அதிகாலையில் குழந்தையின் உடல்தான் கிடைத்தது.

இதுவும் சுற்றுப்புறக் கதைதான். மழையை நம்பிய மண். அடியில் பாறை. பாறை வெடிப்பில் தங்கும் தண்ணீரைத் தேடி ஆழ ஆழத் தோண்டுகிறார்கள். தண்ணீர் வராவிட்டால் அப்படியே விட்டுவிட்டு வேறு இடம் பார்க்கிறார்கள். கைவிட்ட கிணற்றை மூடியே தீர வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2010-லேயே கட்டளை போட்டிருந்தது. தெரிந்தவர் எத்தனை பேர்? குழந்தை இறந்தபின், கிணறுகளை மூடும் வேலையும் அவற்றை மழைநீர் இறங்கும் குழியாக மாற்றும் வேலையும் வேகம் பிடித்தன.

இப்படிப்பட்ட வேகம் கொஞ்ச காலத்தில் தணிந்துவிடும். புதிதாகக் கிணறு தோண்டுகிறவர்களும் வந்துகொண்டே இருப்பார்கள். ஆகவே கோடைக்குக் கோடை, தோண்டும் லாரிகள் ஊருக்குள் வரும் காலத்தில், யாராவது கூடிவந்து நினைவூட்ட வேண்டும். ஒரு பாட்டு, ஒரு பறை, ஒரு மூடி போதும். நாடகம் முடிந்ததும் கூட்டத்தோடு நடந்துபோய் ஊரில் திறந்து கிடக்கும் ஒரு கிணற்றை மூடிவிட்டு வந்தால், அதைவிட நல்ல கடைசிக் காட்சி வேறு இல்லை.

தெருவில் பறை கேட்டால் நின்று பாருங்கள். சிரியுங்கள். கை தட்டுங்கள். ஆடியவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வரும்போது ஒன்று மட்டும் கேளுங்கள்:

"நாளைக்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும்?"

பதில் வந்தால், அன்றைய கூத்து வீண்போகாது. பதில் வரவில்லையா? அதே கேள்வியை அந்தக் கூத்தை அனுப்பிவைத்தவர்களிடம் கேளுங்கள்.